யாரையும் நம்பாமல் எங்களைக் காத்த அப்பா

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் உங்களில் பலர் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நன்றி சொல்லும் இடத்தில் தங்களை விட்டுவிட்டோமா என்று பார்த்திருப்பீர்கள். தவறில்லை. அப்பா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். அதோடு நிற்காமல் தாளை விரலால் தேய்த்துப் பார்த்து, பேசிய தாள் ஒன்று, போட்ட தாள் ஒன்று என்று அச்சகம்வரை நடந்தும் போயிருப்பார்.

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் மறைந்தவரைக் கள்ளம் கபடம் அறியாதவர், எல்லோரையும் நம்பியவர் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் தெருவில் ஒருவர்கூட இது எங்கள் அப்பாவைப் பற்றியது என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர் தன் நிழலையே நம்பாதவர். பால்காரர் அளக்கும்போது குவளையைப் பார்க்கமாட்டார், பால்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பார். அந்தச் சந்தேகத்தோடு வளர்ந்த நான் பலநாள் கோபப்பட்டிருக்கிறேன். இன்று எங்களுக்குத் தலைக்கு மேல் ஒரு வீடு இருப்பது அதனால்தான் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா பிறந்தது ரங்கூன் ரயில்வே குடியிருப்பில். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து தண்டவாள வேலையில் சேர்ந்தவர். அப்பா பட்டறையில் எடுபிடியாக நுழைந்து பிட்டராக உயர்ந்தார். நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்களும் வால்வுகளும் அவர் பொறுப்பு. அறுபதுகளில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொள்ள, உறவினர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, ஏறுங்கள் ஏறுங்கள் என்று சொல்கிறவன் ஏன் கரையிலேயே நிற்கிறான் என்று கேட்டு அப்பா இங்கேயே தங்கிவிட்டார். போனவர்களில் சிலர் நன்றாக இருப்பதாகக் கடிதம் வந்தது, சிலர் கஷ்டப்படுவதாக வந்தது. நன்றாக இருப்பதாக வந்ததை அவர் நம்பவில்லை.

அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொள்ளவில்லை. காலையில் பட்டறைக்குப் போகுமுன் சோறு வடித்து, எனக்கும் தனக்கும் அடுக்குப் பாத்திரத்தில் கட்டி, மாலையில் வந்து துணி துவைத்து என்னை ஆளாக்கினார். எத்தனை சந்தேகம் இருந்தாலும் என் படிப்பிலும் பசியிலும் அவர் கை சுருங்கியதில்லை. அதை நான் மறந்தால் நன்றி கெட்டவன்.

எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்தபோது ரயில்கள் நின்றன. தெருமுனைகளில் மூங்கில் அடைப்பு கட்டி முறைபோட்டுக் காவல் இருந்தோம். குடிதண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு அப்போது ஊரெங்கும் பரவியது. மெய்யோ பொய்யோ, யாருக்கும் தெரியாது. அப்பா எங்கள் தண்ணீர்ப் பானைக்குத் தகர மூடி செய்து பூட்டுப் போட்டார். ஊர் அடங்கியதும் மற்றவர்கள் அதை மறந்தார்கள். அப்பா மறக்கவில்லை. முகர்ந்து பார்த்த பிறகே தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கோடையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்து வரிசை வரிசையாக வீடுகள் போயின. நம் ஊரில் மழை நின்றால் தீக்காலம் தொடங்கிவிட்டது என்று பொருள். வார்டு ஆபீசிலிருந்து வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தீக்கொக்கி, தீயை அடித்து அணைக்கும் தட்டி, மணல் பை, தண்ணீர்ப் பை எல்லாம் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவும் தொங்கவிட்டார். ஆனால் மரச் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கிற வீட்டை ஒரு பைத் தண்ணீர் காப்பாற்றும் என்று அவர் நம்பவில்லை. மின்சார மோட்டார் வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, தீப்பிடித்தால் முதலில் நிறுத்துவது மின்சாரத்தைத்தான் என்றார். அது மட்டும் உண்மை.

அதற்கு அவர் கண்ட வழிதான் மழைக்குழாய். வீட்டின் பின்புறம், கூரையைவிட உயரமாக, கெட்டியான மரக்கால்களில் ஒரு பரண். அதன்மேல் எண்ணெய் பீப்பாய்கள். கைப்பம்பு அடித்து அவற்றை நிரப்ப வேண்டும். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்கி, வால்வைத் தாண்டி, கூரை முகட்டில் ஏறி நீளமாக ஓடும். குழாயில் இடைவெளி விட்டுவிட்டுப் பித்தளைத் தூவிகள், எல்லாம் பழைய இரும்புக் கடைகளில் அவர் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கியவை. வால்வைத் திருப்பினால் கூரையெங்கும் மழையாகத் தூவி, நாலு பக்கச் சுவரும் நனைய வழியும்.

வால்வில் மட்டும் சங்கிலி சுற்றி, சரக்கு ரயில் பெட்டிக்குப் போடுகிற கனத்த பூட்டைப் போட்டிருந்தார். சாவி அவர் இடுப்பில், அரைஞாணில். குளிக்கும்போதும் அது கழலாது. கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் யாராவது வாளியோடு வந்து திறந்துவிடுவார்கள் என்பது அவர் பயம். தீ வந்தால் திருடனும் கூடவே வருவான், எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்றும் சொல்வார்.

மழைக்காலம் முழுவதும் அதற்கு வேலையில்லை. தடிஞ்சுட் விளக்குத் திருவிழா முடிந்து, தீபாவளியும் கழிந்து, காலையில் லேசாகக் குளிர் தட்டும்போது அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை எடுப்பார். மற்ற வீடுகளில் அந்த நாட்களில் கம்பளியை வெயிலில் காயப்போடுவார்கள். எங்கள் வீட்டில் மழைக்குழாயைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வோம். தூவிகளில் குளவி மண்ணை அடைத்துக் கூடு கட்டியிருக்கும். பீப்பாய் அடியில் வண்டலும் பாசியும் கிடக்கும். ஒருமுறை குழாய்க்குள்ளிருந்து தவளை வந்தது. ஒவ்வொரு தூவியையும் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, ஊசியால் துளையைக் குத்தி, வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். மூட்டுகளில் சணல் சுற்றி முறுக்குவார். வால்வுக்குக் கிரீஸ் வைப்பார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சரியாகப் பிடிக்கிறேனா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். அப்படிப் பார்த்தே ஒருமுறை விழப்போனார்.

எல்லாம் மாட்டியபின் விடியற்காலையில் கொஞ்ச நேரம் திறந்து மூடுவார். அண்டை வீட்டார் பார்த்துவிடக் கூடாதாம். தகரக் கூரையில் அத்தனை தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க அவர்கள் என்ன செவிடர்களா? குழாய் எதற்கு என்று கேட்டவர்களிடம் இடிதாங்கி என்று சொல்லி வைத்திருந்தார். தெருவில் எல்லோரும் தெரிந்துகொண்டே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை என் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அங்கே அவர் வீட்டுப் புல்தரைக்கும் இதுபோல ஒன்று உண்டாம், ஸ்பிரிங்க்ளர் என்று பெயராம். ஏணியடியில் நின்று ஆசையாகப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் குளிர்காலம் வருமுன் தண்ணீரை நிறுத்தி, காற்றழுத்தம் கொடுத்து, குழாயில் ஒரு சொட்டு இல்லாமல் வெளியேற்றிவிடுவோம் என்றார். இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடுமாம். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். விருந்தாளி அந்தப் பக்கம் போனதும் என்னை அருகில் அழைத்தார்.

"தீக்காலம் வர்ற நேரமாப் பாத்துத் தண்ணியக் காலி பண்ணுங்கறான். இவன யாரு அனுப்பிச்சது?"

அத்தான் தன் வீட்டு வாசலில் பனி குவிந்து கிடக்கும் புகைப்படத்தைக் காட்டினார். அப்பா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, உப்பாக இருக்கும் என்றார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் மா திடாவை மணந்து அழைத்து வந்தேன்.

அவள் க்யிம்யிண்டைங் படித்துறையில் மூங்கில் வியாபாரம் செய்யும் பர்மியக் குடும்பத்துப் பெண். அப்பா எங்களை வாசலில் நிறுத்தவில்லை, ஆரத்தியும் எடுக்கவில்லை. முன்னறையைக் காட்டி, இருக்கட்டும், பார்க்கலாம் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் வீட்டுக்காக வந்திருக்கிறாள் என்று தனக்குப் படுவதாகவும், தனக்குப் பிறகு வீடு சித்தப்பா பிள்ளைகளுக்குத்தான் என்றும் சொன்னார். வீடு கைவிட்டுப் போனதற்காக நான் கவலைப்படவில்லை. என் மனைவி அந்த வீட்டில் மருமகளாக நிற்பாளா, குடியிருக்க வந்தவளாகவே நிற்பாளா என்பதுதான் என் நெஞ்சை அரித்தது. அப்பா அவளைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. "அந்தப் பொண்ணு" என்பார். அவள் வைத்த குழம்பை நான் உண்டு, கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே தன் தட்டில் ஊற்றிக்கொள்வார்.

என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. படித்துறையில் மூங்கில் கட்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டை உருவிக்கொள்கிற ஆட்களோடு வளர்ந்தவள் அவள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, அதை என் வீட்டுச் சமையலறையில் கண்டேன். சமையல் எண்ணெய் புட்டியில் அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பார். சில நாட்களில் அதன் மறுபக்கம், அவள் முகத்தில் பூசுகிற தனாக்கா மரப்பட்டைக் குழைவால் இன்னொரு கோடு இருந்தது. அப்பா எடுத்துவிட்டுத் தன்மேல் பழி போடுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். நானும் அப்பாவும் தமிழில் பேசும்போது தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று எண்ணி ஒரே ஆண்டில் தமிழ் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகு அது உண்மை என்றும் தெரிந்துகொண்டாள்.

அவள் வந்த பிறகு குழாய் வேலைக்கு ஏணி பிடிக்கிற பொறுப்பு அவளுக்கு வந்தது. நான் தெருமுனையில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்ததால் எனக்கு நேரமில்லை. அப்பாவுக்கு வேறு வழியில்லை. அவர் மேலே தூவி கழற்றுவார், அவள் கீழே அதைத் தேய்ப்பாள். அவள் தேய்த்ததை அவர் மறுபடி தேய்ப்பார். அவர் முறுக்கிய மூட்டை அவர் இறங்கிய பிறகு அவள் ஏறி அசைத்துப் பார்ப்பாள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்பா கடுமையான காய்ச்சலில் விழுந்தார். நினைவு தப்பித் தப்பி வந்தது. நான் மருந்துக்கும் வெந்நீருக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் உடம்பைத் துடைக்க மா திடாதான் சோப்பும் துண்டும் கொண்டுவந்து நின்றாள். வேறு நாளாக இருந்தால் கிட்ட விட்டிருக்கமாட்டார். காய்ச்சல் இறங்கியதும் அப்பா செய்த முதல் வேலை இடுப்பைத் தடவிப் பார்த்ததுதான். சாவி இருந்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

அதை அடுத்து வந்த கோடையில்தான் தீ வந்தது.

அன்று அப்பாவுக்குப் பென்ஷன் நாள். என்னை அனுப்பமாட்டார். தானே நகரின் நடுவிலுள்ள கியாக்டடாவுக்குப் பேருந்தில் போய், வரிசையில் நின்று, கையில் வாங்கி, அங்கேயே சரிபார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அவர் போன பிறகு, நடுப்பகலில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பலகாரம் பொரித்து விற்கிற வீட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றியது. நான் கடையில் இருந்தேன். கூச்சல் கேட்டு எட்டிப் பார்ப்பதற்குள் அந்த வீட்டுக் கூரை தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

ஓடி வந்து பின்கட்டுக்குப் போனேன். பீப்பாய்கள் நிறையத் தண்ணீர். வால்வில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. சாவி கியாக்டடாவில், அப்பாவின் இடுப்பில். சுத்தியலை எடுத்து அடித்தேன். அப்பா பார்த்து வாங்கிய பூட்டு, அதில் கீறல்கூட விழவில்லை. இரண்டாவது வீடு பற்றிக்கொண்டது. தீப்பொறி எங்கள் கூரைமேல் வந்து விழுவது தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஊர்க்காரன் திறந்துவிடக் கூடாது என்று பூட்டினார், பெற்ற மகனும் திறக்க முடியாமல் நிற்கிறேன்.

மா திடா என்னை விலகச் சொன்னாள். முன்னறையில் தன் புத்தர் சிலையை வைத்திருக்கிற மாடத்துக்குப் போய்ப் பூஞ்சாடிக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து வந்தாள். அது ஒரு சாவி. பூட்டு எண்ணெயில் வழுக்குவது போலத் திறந்தது. அவள் வால்வைத் திருப்பினாள். மேலே ஒரு கணம் காற்று சீறியது. பிறகு அப்பாவின் மழை கூரைமேல் கொட்டத் தொடங்கியது.

தூவிகளில் ஒன்றுகூட அடைபடவில்லை. தகரத்தில் விழுந்த பொறிகள் சீறி அணைந்தன. சுவர்கள் கருமையாக நனைந்தன. பக்கத்து வீடு எரிந்தபோது அதன் அனலில் எங்கள் சுவர் ஆவியாகப் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. நானும் தெருப் பையன்களும் பம்பு அடித்துக்கொண்டேயிருந்தோம். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது தீ எங்கள் வீட்டோடு நின்றிருந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளும் தப்பின. எரிந்த வீடுகளில் உயிருக்குச் சேதமில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

பேருந்துகளைத் திருப்பிவிட்டதால் அப்பா ரயில் பாதையோரம் நடந்தே வந்தார். அடுத்தடுத்த வீடுகள் கரியாகக் கிடக்க, எங்கள் வீடு மட்டும் மழையில் நனைந்த மாடு போலச் சொட்டிக்கொண்டு நின்றது. யாராக இருந்தாலும் கடவுளே என்று கைகூப்பியிருப்பார்கள். அப்பா நேராகப் பின்கட்டுக்குப் போனார். பூட்டைத் தூக்கிப் பார்த்தார். உடையவில்லை, திறந்திருந்தது. கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது. அவர் முகம் மாறியது.

யார் திறந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மா திடா முன்னே வந்து, தன்னிடமிருந்த சாவியை அவர் எதிரில் வைத்தாள். அவள் துணிப்பை ஏற்கனவே கட்டித் தயாராக முன்னறையில் இருந்தது. தீ வந்தபோது எடுத்துக் கட்டியது, அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டியிருக்காது என்று அவளுக்குச் சந்தேகம்.

அப்பா இரண்டு சாவிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

"எப்பச் செஞ்ச?"

"நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்களே, அப்ப. சோப்புல அமுக்கி எடுத்தேன், அபே. க்யிம்யிண்டைங் சந்தையில வெட்டுனேன்."

அபே என்றால் பர்மியில் அப்பா. அவள் எப்போதும் அப்படித்தான் அழைப்பாள், அவர்தான் காதில் வாங்குவதில்லை.

"எதுக்கு?"

"நீங்க பென்ஷனுக்குப் போற அன்னிக்குத் தீ வந்தா யாரு தெறப்பா? உங்கள நம்பி எப்பிடி இருக்குறது?"

கூரையிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவார், போகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ என்னய நம்பிக்கிட்டு நின்னுருக்க. இவ ஒருத்திதான் நம்பல" என்றார். பிறகு அவளிடம், "பையக் கொண்டுபோய் உள்ள வையி, மருமவளே. நனஞ்சிரப் போவுது" என்றார்.

மா திடா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்து அவள் அழுதது அன்றுதான். நானும் அழுதேன்.

அப்பா மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாளே புதுப் பூட்டு வாங்கினார். பழையதற்குச் சந்தைக்காரன் தனக்கென்று இன்னொரு சாவி வெட்டி வைத்திருக்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? புதுப் பூட்டின் சாவிகளில் ஒன்றை அரைஞாணில் கட்டிக்கொண்டு, மற்றதை மருமகளிடம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. நான் கேட்டபோது, நீ யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாய் என்றார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் குளிர்கால வேலையை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தார்கள். முன்பு இருந்த மௌனத்துக்கு அந்தச் சண்டை எவ்வளவோ மேல். அவள் வால்வை மூடிவிட்டு வந்தால் அப்பா போய் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பார். அப்பா மூடினால் அவள் போய்ப் பார்ப்பாள். அமெரிக்க அத்தான் சொன்னதில் ஏதாவது உண்மை இருக்குமா என்றுகூட ஒருநாள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்காது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயங்கள் மிகச் சில, அதில் அது ஒன்று.

அப்பாவுக்கு வயது ஏறி, ஏணியில் கால் நடுங்கத் தொடங்கிய ஒரு தீபாவளியன்று சித்தப்பாவைச் சாப்பிட அழைத்தார். இலை எடுத்ததும் எல்லோர் முன்னிலையிலும் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். சித்தப்பா பிள்ளைகளுக்கு என்று முன்னே சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது.

"எம் மவன் தங்கமானவன்" என்று தொடங்கினார் அப்பா. "எவன் வந்து சிரிச்சுக் கேட்டாலும் வீட்டத் தூக்கிக் குடுத்துருவான். தம்பி, ஓம் புள்ளைங்களும் நல்ல புள்ளைங்க, அவங்களுந்தான். மருமவ குடுக்க மாட்டா. வீடு அவ பேருல இருக்கட்டும்."

சித்தப்பா பெருந்தன்மையோடு, அண்ணன் சொன்னால் சரிதான் என்றார். அவருக்கு இந்த மலரின் வழியாக எங்கள் குடும்பத்தின் வணக்கம். மருமகள் நன்றி சொல்வாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவளோ, வரி பாக்கி ஏதும் இல்லையே என்று கேட்டாள். அப்பா அன்று சிரித்ததுபோல் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நர்கிஸ் புயலில் கூரைத் தகரங்கள் பாதி பறந்தன. மரங்கள் விழுந்து தெரு அடைந்து, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் ஊர் தவித்தது. எங்கள் பரண் மட்டும் நின்றது. அன்று அப்பா தானே பூட்டைத் திறந்து, தெருவுக்குத் தண்ணீர் விட்டார். யாருக்கு எத்தனை வாளி என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்காணித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருவரையும் வெறும் வாளியோடு திருப்பியனுப்பவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவமனையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்ப்பார். மா திடா வந்து, அட்டையைப் படித்து, தலையசைத்தால்தான் விழுங்குவார். மருத்துவர் சொல்லை அவர் நம்பவில்லை, மருத்துவரை நம்பாத அவளை நம்பினார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏமாந்துராத என்று மட்டும் சொன்னார். அவள் கையைப் பிடித்தபோது ஒன்றும் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு விடியற்காலையில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள். மழையென்று பாராமல் இறுதிப் பயணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்து தோள் கொடுத்த ரயில்வே நண்பர்கள். வந்தவர்களுக்கெல்லாம் மீன் குழம்பும் சேவையுமாக மொஹிங்கா காய்ச்சிப் பரிமாறிய பர்மிய அண்டை வீட்டார். காரியங்களை முறையாக நடத்தித் தந்த கோயில் பெரியவர்கள். மோல்மீனிலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்து சேர்ந்த உறவினர்கள். முன்னின்று எல்லாவற்றையும் செய்த சித்தப்பா குடும்பத்தினர். அனைவருக்கும் தலை தாழ்த்தி நன்றி கூறுகிறோம். எரிந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு இன்றும் எங்களோடு வாழும் தெருக்காரர்களுக்கும் நன்றி. அப்பா உங்களைச் சந்தேகப்பட்டதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு வந்த குளிர்காலத்தில் மா திடா தனியாகவே ஏணியைச் சாத்தி ஏறினாள். தூவிகளைக் கழற்றித் தேய்த்தாள், மூட்டுகளை முறுக்கினாள், விடியற்காலையில் திறந்து பார்த்து மூடினாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தவள், எழுந்து போய் வால்வைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடியும் எழுந்து போனாள். நான் அவளைத் தடுத்து, நீ இரு, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், இறுக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வந்து சொன்னேன்.

"நீங்க பாத்து என்னா ஆவும்?" என்று அவள் அழுதாள். "நீங்கதான் என்னை நம்புறீங்களே."